இந்தக் குழிக்கு எம்புட்டு மண்ணு?

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு குழி இருந்துச்சாம். அந்தக் குழிக்கு எம்புட்டு மண்ணு வேணும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியுமாம், அளக்க வந்தவனைத் தவிர.

எங்கள் தொழிலில் எல்லாக் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கும். போடியிலிருந்து குரங்கணி போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் எங்கள் யார்டு இருக்கிறது. செம்மண் ஒரு குவியல், தொழுவுரம் ஒரு குவியல், அப்புறம் சரளை, கூழாங்கல், தேங்காய் நார்த்தூள். வீட்டு வாசலில் பூச்செடி வைக்கிறவர்களும், பின்கட்டில் கீரைப்பாத்தி போடுகிறவர்களும் எங்களுக்குப் போன் செய்வார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் இடத்தை அளந்து, இன்ன சாமான் இவ்வளவு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுதான் என் சோலி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி நூறு கனஅடி வந்தால் ஒரு யூனிட். இருபதடி நீளம், பத்தடி அகலம், அரையடி உயரம் என்றால் சரியாக ஒரு யூனிட் மண். ஆறாங்கிளாஸ் பிள்ளை போட்டுவிடும். ஆனால் ஆறாங்கிளாஸ் கணக்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சட்டியோடு வருவதில்லை, மாமியார் வருவதில்லை, மழையும் வருவதில்லை.

வேலைக்குச் சேர்த்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "ஒனக்குக் கணக்கு வருதுப்பு. சத்தந்தான் வர மாட்டேங்குது. நீ சொல்ற கணக்குல ஆளுக நிக்கணும். லோடு மிஞ்சவும் கூடாது, பத்தாமப் போகவும் கூடாது. பொங்கல் வரைக்கும் பாப்பேன். சரி வரலைன்னா ஒங்க மாமா கடைக்கே போயிரு." மாமா கடை என்றால் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடை. சல்லடையில் போட்டு, பெரிய காய் தனி, சின்னக் காய் தனி என்று பிரிப்பது. உங்களுக்கு ஏலக்காய் வாசம் என்றால் பாயசம் ஞாபகம் வரும். எனக்குத் தும்மல் வரும். படிப்பு முடித்த பின் ஒரு வருஷம் அங்கே தும்மியிருக்கிறேன். திரும்பிப் போவதாக உத்தேசம் இல்லை.

மிஞ்சிப்போன ஜல்லிக் குவியலை வாசலில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிற அன்பர்களே, பாதிப் பாத்தி நிரம்பி மீதிப் பாத்தி பள்ளமாய்க் கிடக்கிற சகோதரிகளே, நீங்களும் நானும் ஒரே டிப்பரில் அடிபட்டவர்கள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

காய்க்கிற உயரம்

சேர்ந்த முதல் வாரம் ஓர் ஆத்தா கூப்பிட்டார். ஆயுசில் பாதியை மலையில் ஏலத்தோட்டத்தில் கழித்துவிட்டு, இப்போது கீழே போடியில் மகன் வீட்டில் இருக்கிறவர். பின்வாசலில் கீரையும் மல்லிகையும் வைக்க வேண்டுமாம். நீள அகலம் அளந்தாயிற்று. "மண்ணு எம்புட்டு ஒசரம் போடணும் ஆத்தா?" என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஏலக்கா காய்க்கிற ஒசரம் போதும்ப்பு. அதுக்கு மேல கீரைக்கு எதுக்கு?" என்றார்.

இங்கேதான் வினை. நான் ஏலக்காயைச் சாக்கில் பார்த்திருக்கிறேன், சல்லடையில் பார்த்திருக்கிறேன், மாமா வீட்டு அலமாரியில் பார்த்திருக்கிறேன். செடியைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, மூணாறு போகிற பஸ் ஜன்னல் வழியாக. ஆள் உயரத்துக்கும் மேலே ஓலை ஓலையாய் நின்றது. அவ்வளவு உயரச் செடி என்றால் காய் எங்கே தொங்கும்? உச்சியில் என்று வைத்துக்கொள்ள எனக்கே கூச்சமாக இருந்தது. நியாயமாக, இடுப்பளவு என்று போட்டேன். கீரைக்கு எதற்கு இடுப்பளவு மண் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. கேட்டிருக்கலாம். கேட்டால், போடியில் பிறந்தும் மலை தெரியாத பயல் என்று தெரிந்துபோகுமே.

மறுநாள் டிப்பர் வந்து கொட்டியது. குவியல் அடுப்படி ஜன்னலை மூடியது. உள்ளேயிருந்து ஆத்தாவின் மருமகள், "என்னது, பொழுது அடைஞ்சிருச்சா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது: ஏலச்செடி எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் காய்ப்பது தூரடியில், தரையோடு தரையாய்ப் படர்கிற சரத்தில். ஆத்தா கேட்டது நாலு விரல்கடை மண். அவர் கோபப்படவில்லை. குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, என் தாடையைத் தொட்டுச் சொன்னார்: "ஏலக்காய மரத்துல காய்க்க வச்ச மொத ஆளு நீதான்டா அப்பு. எங்கே, ஏறிப் பறிச்சுக் கொண்டா பாப்போம்."

தெருவின் பங்கு

எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் செம்மண் கொட்டினால், அது முழுக்க அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. கொட்டின தூசி அடங்குவதற்குள் எதிர்வீட்டு அக்கா சட்டியோடு வருவார், ரோசாச் செடிக்கு ஒரு சட்டி. அடுத்த வீட்டுக்குத் துளசித் தொட்டிக்கு ஒரு சட்டி. மூன்றாவது வீட்டில் பொங்கலுக்கு வாசல் மெழுக இப்போதே ஒரு வாளி எடுத்து வைத்துக்கொள்வார்கள். கேட்பதெல்லாம் கிடையாது. "எடுத்துக்கிறேன் மதினி" என்று சொன்னால் போதும். அதற்குள் சட்டி நிறைந்திருக்கும். வேண்டாம் என்று சொல்கிற வீட்டில் அப்புறம் ஒரு விசேஷத்துக்கும் ஆள் வராது.

இது எனக்கும் தெரியும், என் வீட்டிலும் அப்படி எடுத்த மண்ணில்தான் கருவேப்பிலைக் கன்று நிற்கிறது. ஆனால் கணக்குப் போடும்போது தோன்றவில்லை. பஸ் கண்டக்டர் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு அச்சு அசலாக அளந்து, ஒரு கூடை கூடக் குறைய இல்லாமல் அனுப்பிவைத்தேன். சாயங்காலம் போன் வந்தது. இரண்டு பாத்திக்கு மண் இல்லை. வண்டியில் நூறு பேர் ஏறினாலும் ஒருவரை விடாமல் டிக்கெட் போடுகிற மனுஷன், தன் வாசலில் சிரித்த முகத்தோடு நின்று தெரு மொத்தத்தையும் இலவசமாக ஏற்றி அனுப்பியிருக்கிறார். பழி எனக்கு. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு நடை அனுப்பினார்.

அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டேன். அடுத்து ராசிங்காபுரத்தில் ஒரு வீடு. தெருவில் இறங்கியதும் வீடுகளை எண்ணினேன், வீட்டுக்கு ஒரு சட்டி என்று சேர்த்தேன், மூலை வீட்டில் மாடித்தோட்டம் தெரிந்ததால் அவர்களுக்கு மட்டும் நாலு சட்டி. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. மண் இறங்கியது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு சட்டியும் வரவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனபோதும் மிச்ச மண் அப்படியே கிடந்தது, ஒரு பூனை மட்டும் உபயோகப்படுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "வாய்க்கா வழக்குல இந்தத் தெருவு பூராம் எனக்குப் பேச்சுவார்த்தை கெடையாது. ஒரு பய என் வாசல்ல கால் வைக்க மாட்டான். டேப்பைப் பிடிக்கும்போதே அதைக் கேட்டிருக்க வேணாமாப்பா?"

மாட்டை வைத்து அளப்பது

சிலமலையிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நேரில் வர வேண்டாமாம், படத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டுமாம். வேலி, வேலிக்கு முன்னால் வெற்றிடம், நடுவில் ஒரு மாடு. "அளவுக்கு மாட்டை நிப்பாட்டிருக்கேன் தம்பி, பாத்துக்க" என்று குரல் பதிவு வேறு. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். மாடு இத்தனை அடி என்றால் வேலி இத்தனை அடி என்று நானும் மாட்டை நீளவாக்கில் வரிசையாக நிறுத்தி மனதுக்குள் அளந்து முடித்தேன். லோடு போனது. பாதி மண் ரோட்டில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், அது கேரளாவிலிருந்து வாங்கி வந்த குட்டை மாடு. என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. "அண்ணே, மாடு குட்டைன்னு சொல்லலையே" என்றேன். அவர் மாட்டின் காதைப் பொத்தாத குறைதான்: "மண்ணைப் பத்தி என்ன வேணா பேசு. எங்க லெச்சுமியக் குட்டைன்னு சொன்னீன்னா எனக்குக் கோவம் வந்துரும்."

டேப்பின் மறுமுனை

டேப்புக்கு இரண்டு முனை உண்டு. ஒன்று என் கையில். மற்றதை அந்த வீட்டில் யாராவது பிடிப்பார்கள். யார் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிலத்தின் அளவு மாறும் என்பது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரப்படுவதில்லை.

போடி டவுனுக்குள் ஒரு வீடு. புது மருமகள், செல்போனில் பார்த்த மாதிரி வாசல் முழுக்க வெள்ளைக் கூழாங்கல் பரப்ப ஆசைப்பட்டார். மாமியாருக்கு அந்த வாசல் மிளகு காயப்போடுகிற களம். நடுவில் மகன், கையில் காப்பி டம்ளரோடு, தனக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லாதது மாதிரி நின்றார். முதலில் டேப்பைப் பிடித்தது மாமியார். நான் குனிந்து எண்ணைப் பார்க்கிற நேரத்தில் இரண்டடி முன்னால் நகர்ந்துகொண்டார். அப்புறம் மருமகள், "இங்கிட்டுக் குடுங்க அத்தை, ஒங்களுக்கு இடுப்பு வலிக்கும்" என்று வாங்கிக்கொண்டு, வாசலைத் தாண்டித் தெருச் சாக்கடை வரைக்கும் போய் நின்றார். எனக்கு ஒரே வாசலுக்கு இரண்டு அளவு கிடைத்தது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சத்தமாகப் பேசத் தெரிந்தவனாக இருந்தால் "மறுபடி அளப்போம்" என்று சொல்லியிருப்பான். நான் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதிக்கொண்டு வந்தேன்.

கல் வந்தது. வாசலை நிரப்பவும் பத்தவில்லை, மிளகுக்கு இடமும் மிஞ்சவில்லை. நடுவில் ஒரு வழுக்கைத் தலை மாதிரி சிமெண்டுத் தரை தெரிந்தது. அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்தார்கள், என்னைத் திட்டினார்கள். மகன் எனக்கு நன்றி சொல்வது போலத் தலையசைத்தார். கடைசியில் மாமியார்தான் முடித்துவைத்தார்: "நாந்தான் படிக்காதவ, நகந்து நின்னேன். அவ சின்னஞ்சிறுசு, ஆசையில போயி நின்னா. நடுவுல நீ மரம் மாதிரி பாத்துக்கிட்டே நின்னியே, ஒனக்கு என்னய்யா ஆச்சு?"

அமுங்கிய மண்

கொட்டும்போது மண் உப்பலாக இருக்கும். தண்ணீர் பட்டால் அமுங்கும். தொழுவுரமும் நார்த்தூளும் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அமுங்கும். எங்களுக்கு இது அரிசி வெந்தால் பெருகுகிற மாதிரி சாதாரண விஷயம். ஆனால் சொல்லாமல் விட்டால் வாங்கினவருக்கு அது களவு.

ரிட்டையர் ஆன ஒரு பெரியவர், பாத்தியின் விளிம்பு வரைக்கும் மண் நிரப்பி, மேலே பலகை வைத்து மட்டம் பார்த்து, திருப்தியாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்காத குறை. சரியாக வந்த முதல் லோடு, முதல் குலுக்கல். அந்தச் சந்தோஷத்தில் மண் அமுங்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு தடவை தண்ணீர் விட்டார், நாலு விரல்கடை இறங்கிவிட்டது. பெரியவர் பாத்தியைச் சுற்றிக் காலடித் தடம் தேடியிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தொட்டிகளை எட்டிப் பார்த்திருக்கிறார். அப்புறம் நேரே யார்டுக்கு வந்துவிட்டார். நான் முதலாளிக்கு முன்னால் வைத்து, என்னால் முடிந்த அளவு சத்தமாக, மண்ணுக்குள் காற்று இருக்கும், தண்ணீர் பட்டால் காற்று போகும், மண் இறங்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார்: "அமுங்கும்னு இவனுக்கு முன்னாடியே தெரியுதுல்ல? அப்ப அமுங்குன மண்ணாப் பாத்துக் கொண்டாந்து போட வேண்டியதுதானே?"

மலைக்கு மண்ணு

பெரியவர் போன பிறகு முதலாளி திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. மார்கழி பிறந்திருந்தது. "குரங்கணிக்கு மேல ஒரு எஸ்டேட்டுல சோலி வந்துருக்கு. ஒத்தையாப் போயிட்டு வா" என்றார். "அங்கன டிப்பர் ஏறாது. சாக்குல கட்டி ஜீப்புலதான் போகணும். பத்தலைன்னா நெனச்ச நேரத்துக்கு மறுநடை போக முடியாது, மிஞ்சுனா எறக்கவும் முடியாது. இது சரியா வந்தா இங்கன இரு. வரலைன்னா ஒங்க மாமாட்ட நானே பேசுறேன்." சொல்லிவிட்டுக் கணக்கு மேஜைக்குப் போய்விட்டார்.

ஜீப் ஓட்டுகிற முருகேசன் எனக்குத் தூரத்துச் சொந்தம். ரோடு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான். "மலைக்கே மண்ணு கொண்டு போறானுக. அடுத்து என்ன மாப்ளே, வைகைக்குத் தண்ணி லாரியா?" நிலைமை என்னவென்றால், விருந்தாளிகள் தங்க ஒரு குடில் கட்டியிருந்தார்கள், பாறையைச் செதுக்கிச் சரிவில். குடிலுக்கு முன்னால் இறங்குமுகமாக வெறும் பாறை. அதன்மேல் மண் பரப்பிப் புல் வளர்க்க வேண்டும். எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்கிறவர் தங்கச்சன், மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், அவசரம் வந்தால் மலையாளம் கலக்கும். நான் மேலிருந்து கீழே பாறையோடு பாறையாக டேப்பை ஓடவிட்டு அளந்தேன். குறுக்கே அளந்தேன். கணக்குப் போட்டேன். எழுபது சாக்கு.

"நூறு போடு மோனே" என்றார் தங்கச்சன். மற்ற நாளாக இருந்தால் எண்பத்தைந்து என்று சொல்லிக் கைகுலுக்கியிருப்பேன். முதலாளியைக் கேட்கலாம் என்றால் போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. "எழுபது போதும்ணே" என்றேன். காற்று ஓலமிட்டுக்கொண்டிருந்தது. "எத்தற?" என்று காதைக் கொடுத்தார். "எழுபது." மறுபடியும் கேட்டார். மறுபடியும் எழுபது. மூன்றாவது தடவையும் அதையே சொன்னேன், என் சத்தம் அவ்வளவுதான், அதற்கு மேல் வராது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முருகேசனிடம் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: "பாக்க ஈர்க்குச்சி மாதிரி இருக்கான். மூணு தடவை கேட்டும் அசைய மாட்டேங்குறானே, பயங்கரக் கறார்க்காரன்!"

சாய்ந்த கணக்கு

எழுபது சாக்கும் ஐந்து நடையில் மேலே போனது. கடைசிச் சாக்கை உதறியபோது கடைசி மூலை மூடியது. ஒரு கை மண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் அந்த இடத்தைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். குரங்கணிக்கு இறங்கி வந்து சிக்னல் கிடைத்த பிறகுதான் போனது, ஆனாலும் போனது. அன்று வீட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மலையில் மழை. அதற்கும் மறுநாள் காலையில் தங்கச்சன் குரங்கணி டீக்கடையிலிருந்து போன் செய்துவிட்டார். மேல் பாதி பாறையாகக் கிடக்கிறது, மண் பத்தவில்லை, அன்றைக்கே நூறு சொன்னேனே என்று சத்தம் போட்டார். முதலாளி சட்டையை மாட்டிக்கொண்டு, "ஏறு" என்றார். ஜீப்பில் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். முருகேசன்கூட இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஏலக்காய் வாசம் வந்தது. எனக்கு இப்போதே மூக்கு அரிக்கிற மாதிரி இருந்தது.

போய்ப் பார்த்தால், தங்கச்சன் சொன்னது உண்மைதான். மேலே பாறை கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. மண் முழுக்கக் கீழே, ஓரத்துச் சுவரில் சாய்ந்து, வேலை முடிந்து உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி கிடந்தது. இறங்குமுகமான பாறையில் வெறுமனே மண்ணைப் பரப்பினால் முதல் மழைக்கு இறங்கத்தான் செய்யும். எனக்கு அது தோன்றவில்லை. காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஓர் அக்கா, "யாரு தம்பி இது, மலையில சறுக்குப்பலகை போட்டது?" என்றார். மற்றவர்களுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

முதலாளி கீழிருந்து மேலே ஏறினார், மேலிருந்து கீழே இறங்கினார். "கணக்கைச் சொல்லு" என்றார். சொன்னேன். "இப்ப என்ன பண்ணப் போற?" என்றார். அந்த இடத்தில் அழுதிருக்கலாம். ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதால் வார்த்தைதான் வந்தது. "மண்ணு பத்தாமப் போகலை மொதலாளி. இங்கனதான் கெடக்கு, எடம் மாறி. குறுக்க மூணு வரி கல்லு அடுக்கிப் படியாக் கட்டிட்டா மேல ஏத்திரலாம். கல்லு இங்கனயே கெடக்கு." பாறை செதுக்கிய உடைகல் குடிலுக்குப் பின்னால் குவிந்து கிடந்தது, அதைத்தான் சொன்னேன். தங்கச்சன் தாடியைச் சொறிந்தார். பிறகு அந்த அக்காவையும் இன்னும் நாலு பேரையும் காய் பறிப்பிலிருந்து நிறுத்திக்கொண்டார்.

கல்லை அடுக்கினோம். மண்ணைச் சட்டி சட்டியாக மேலே ஏற்றினோம். முருகேசன் ஜீப்பில் படுத்துக்கொண்டு யோசனை சொன்னான். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் எடுத்துக் கொடுத்தார். முதல் படி நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது. மூன்றாவது படிக்குப் போகும்போது கீழே சுவரோரம் மண் வெகுவாகக் குறைந்திருந்தது. கொஞ்சம் மழையோடு ஓடைக்குப் போயிருக்கும் அல்லவா, அதை நான் கணக்கில் வைக்கவில்லை. அந்த அக்கா துடைப்பத்தால் கூட்டி அள்ளிக் கொடுத்தார். கடைசிச் சட்டியை நானே சுமந்து போய்க் கொட்டினேன். மூலை மூடியது. அப்போதுதான் புரிந்தது: சரிவோடு சரிவாக அளந்ததால் நான் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன், படியாகத் தட்டையாக்கினால் அவ்வளவு தேவையில்லை. என் தப்பு கூட்டியதை மழை கழித்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன், நீங்களும் அடிபட்டவர்கள் என்பதால்.

முதலாளி மூன்று படியையும் பார்த்தார். காலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். மழையும் ஈரமும் பட்டதில் அது ஏற்கெனவே அமுங்கியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு தங்கச்சனிடம் திரும்பினார்: "பய போட்ட கணக்கு சரிதாங்க. ஒங்க மலைதான் சாஞ்சு கெடக்கு."

என்னைப் பார்த்து, "நாளைக்கு வெரசா வந்துரு, தேவாரம் ரோட்டுல ஒரு வீடு அளக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி இறங்கினார். அந்த அக்காவும் மற்றவர்களும் கூடைகளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்கள். தங்கச்சன் மட்டும் நின்றார். பின்னால் இன்னொரு குடில் கட்டுகிறார்களாம், அதற்கும் முன்னால் இதே அளவு பாறையாம். முதலாளியைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். என்னைத்தான் கேட்டார். டேப்பை இந்தத் தடவை மட்டமாகப் பிடித்து அளந்தேன், படிக்கு வேண்டிய கல்லையும் சேர்த்துச் சொன்னேன். "அறுபத்தி நாலு சாக்கு."

"மதி, அது போதும். கொண்டா மோனே" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏலச்செடிகளுக்குள் நடந்து போய்விட்டார்.

சொன்ன கணக்கை ஒரு மனுஷன் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வாங்கிக்கொண்டு போனதுதான் தாமதம், அந்தக் கணக்கு சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.